வாவலும் கொல்லாமரமும்: ஓர் ஒப்பீடு

மாசி, பங்குனி மாதங்களில் தென் திருவிதாங்கூர்ப் பகுதியின் வீட்டுத் தோட்டங்களில் ஒரு சிறு விந்தையைக் காணலாம். காலையில் முற்றம் பெருக்கும்போது, பலாமரத்தடியிலோ தென்னையடியிலோ நாலைந்து முந்திரிக்கொட்டைகள் கிடக்கும். கூப்பிடு தூரத்தில் கொல்லாமரம் ஒன்றும் இராது. கொட்டைகளைச் சுற்றி, மென்று துப்பிய நார்ச்சக்கைகள் சிதறிக் கிடக்கும். வாவல் கொண்டுவந்து போட்டது என்று வீட்டார் அறிவர். கொட்டைகளைப் பொறுக்கி வெயிலில் காயவைப்பர். வௌவாலுக்கு வாவல் என்பதும், முந்திரி மரத்துக்குக் கொல்லாமரம் என்பதும் இப்பகுதித் தமிழில் வழங்கும் பெயர்கள்.

அகத்தியமலையில் தோன்றும் நெய்யாறு, கள்ளிக்காட்டில் 1958ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அணையைக் கடந்து, நெய்யாற்றின்கரை வழியாகப் பூவாறு அருகே கடலில் கலக்கிறது. அணைக்குக் கிழக்கே வனவிலங்குச் சரணாலயம். மேற்கே ரப்பர், தென்னை, மரவள்ளி, மா, பலா, கொல்லா ஆகியன கலந்து வளரும் புரையிடங்கள். தெற்கே பாறசாலையை அடுத்துக் கன்னியாகுமரி மாவட்டம் தொடங்குகிறது. 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பில் வகுக்கப்பட்ட இவ்வெல்லையின் இருபுறத்தும் மரங்களும் ஒன்றே, வௌவால்களும் ஒன்றே. ஆகவே இங்குக் கூறப்படுவன இரு மாநிலங்களின் களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் பொருந்தும்.

வௌவால்களைப் பற்றிய அச்சம் அண்மை ஆண்டுகளில் பெருகியிருக்கிறது. அவை தங்கும் மரங்களை வெட்டவேண்டும் என்றும், வெடி வைத்துக் கலைக்கவேண்டும் என்றும் கோரிக்கைகள் எழுகின்றன. அவற்றுக்கு விடை கூறும் பொறுப்பு பெரும்பாலும் களப்பணியாளரையும் பள்ளி ஆசிரியரையுமே சேர்கிறது. விடை கூறுமுன் இவ்விலங்கையும் இம்மரத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயன்தரும்.

உள்ளூர் விலங்கும் வெளியூர் மரமும்

நம் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் பழவௌவால், விலங்கு நூலார் சைனாப்டெரஸ் ஸ்பிங்ஸ் என வழங்கும் குறுமூக்குப் பழவௌவால் ஆகும். இதற்கு அறிவியல் உலகில் முதன்முதலாகப் பெயரிட்டவர் மார்ட்டின் வால் என்னும் டேனிய இயற்கை நூலார், ஆண்டு 1797. அவர் விவரித்த மாதிரி கிடைத்த இடம், அக்காலத்தில் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடி. ஆக, இவ்வினத்தின் அறிவியல் வரலாறு தமிழ்நாட்டுக் கடற்கரையில் தொடங்குகிறது. விரித்த சிறகு ஏறக்குறைய அரை மீட்டர் அகலம் இருந்தாலும், உடலின் எடை ஐம்பது கிராம் அளவே.

கொல்லாமரத்தின் தாயகம் தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில் நாடு. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இதனை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். பறங்கிமாவு என்னும் மலையாளப் பெயர் இவ்வரலாற்றை இன்றும் நினைவூட்டுகிறது. 1753இல் லின்னேயஸ் இதற்கு இட்ட அனகார்டியம் ஆக்ஸிடென்டேல் என்ற பெயரின் பிற்பகுதி, மேற்றிசைக்குரியது எனப் பொருள்படும். இது மாமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது.

எனவே வௌவால் இம்மண்ணுக்குரியது. மரமோ சில நூற்றாண்டுகளுக்கு முன் குடியேறியது. இவ்விரண்டும் ஒன்றையொன்று அறிந்துகொண்டது எவ்வாறு? அமெரிக்க வெப்பமண்டலத்திலும் கொல்லாம்பழத்தைத் தின்று கொட்டையை உதிர்ப்பவை வௌவால்களே. ஆனால் அவை இலைமூக்கு வௌவால்கள் என்னும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் நாட்டுப் பழவௌவால் குடும்பம் அமெரிக்காவில் இல்லை. மரம் கடல் கடந்து வந்தபோது அதன் பழைய துணை உடன் வரவில்லை. இங்கிருந்த மற்றொரு குடும்பம் அதே தொழிலை ஏற்றுக்கொண்டது. மணமும் சாறும் மிக்க பழத்தை மரம் கிளை நுனியில் தொங்கவிடுகிறது. இரவில் மணத்தை மோப்பத்தால் அறிந்து வரும் விலங்கு எந்நாட்டில் இருந்தாலும் அவ்வழைப்பை உணர்ந்துகொள்கிறது.

உணவு தேடும் முறை

மரம் நின்ற இடத்திலேயே தன் உணவை ஆக்கிக்கொள்கிறது. வேர் வழியாக நீரும் உப்புக்களும், இலை வழியாகக் காற்றிலுள்ள கரியமில வாயுவும் பெற்று, சூரிய ஒளியின் உதவியால் சர்க்கரை தயாரிக்கிறது. அச்சர்க்கரையில் ஒரு பகுதியைப் பழத்தில் சேர்த்து வைக்கிறது. வௌவால் அதனைத் தேடிப் பறந்து வரவேண்டும்.

பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் ஒலி எழுப்பி, அதன் எதிரொலியால் இருளில் வழி காண்பதை ஆசிரியர்கள் பலரும் மாணவர்க்குக் கற்பித்திருப்பர். குறுமூக்குப் பழவௌவால் அம்முறையை நம்பி வாழ்வதன்று. பெரிய கண்களும் கூரிய மோப்ப உணர்வுமே அதற்கு வழிகாட்டிகள்.

அது பழத்தைத் தின்னும் முறை கவனிக்கத்தக்கது. பழுத்த மரத்திலேயே தங்கித் தின்பது ஆபத்து. ஆந்தை போன்ற பகைகள் அங்கே காத்திருக்கக்கூடும், பிற வௌவால்களும் பழத்துக்குப் போட்டியிடும். ஆகையால் தூக்கக்கூடிய அளவுள்ள பழத்தை வாயில் கௌவிக்கொண்டு வேறொரு மரத்துக்குப் பறந்து செல்கிறது. பெரும்பாலும் சில பத்து மீட்டர் முதல் சில நூறு மீட்டர் வரை இப்பயணம் அமையும். அங்கே தலைகீழாகத் தொங்கி, சதையை மென்று, நாக்கால் மேலண்ணத்தில் அழுத்திச் சாற்றை மட்டும் விழுங்கி, சக்கையைத் துப்பிவிடுகிறது. தூக்க இயலாத பெரிய பழமாயின் மரத்திலேயே கடித்துத் தின்பதும் உண்டு. ஓரிரவில் தன் உடல் எடைக்கு நிகரான அல்லது மிகுதியான உணவை உட்கொள்ளும். சாறு அரைமணி நேர அளவில் குடலைக் கடந்துவிடும். பறக்கும் உடலுக்குச் சுமை கூடாதன்றோ.

பழத்தில் புரதம் குறைவு. அக்குறையை நிறைவு செய்ய இவ்வௌவால் சிலவகை இலைகளையும் மென்று சாறு குடிப்பதைத் தென்னிந்திய ஆய்வாளர் கண்டுள்ளனர். இலவம், இலுப்பை ஆகியவற்றின் மலர்களை நாடிச் சென்று மகரந்தச் சேர்க்கைக்கும் உதவுகிறது.

இனவிருத்தி

இரண்டும் மிகுதியாக வேறுபடுவது இனவிருத்தியிலாகும். கொல்லாமரம் கார்த்திகை முதல் மாசி வரை பூக்கிறது. ஒரே பூங்கொத்தில் ஆண் பூக்களும் இருபால் பூக்களும் கலந்திருக்கும். காய்க்கத் தக்க இருபால் பூக்களிலும் பெரும்பாலானவை உதிர்ந்துபோகும், எஞ்சியவையே காயாகும். முதலில் வளர்வது கொட்டையே. அது முழு அளவை அடைந்த பின்னரே, அதைத் தாங்கும் காம்பு பருத்துச் சதைப்பற்றுள்ள பழமாகிறது. தாவர நூலின்படி மெய்யான கனி கொட்டை. நாம் பழம் என்பது பொய்க்கனி. முதலில் விதையைச் செப்பம் செய்துவிட்டு, பின்னர் அதைச் சுமந்து செல்வார்க்குரிய கூலியை மரம் ஆயத்தம் செய்கிறது எனலாம்.

சாதாரணமாக ஒரு கிலோ எடைக்கு 150 முதல் 200 கொட்டைகள் நிற்கும். ஐந்து கிலோ காய்க்கும் மரம் ஓராண்டில் எண்ணூறு, தொள்ளாயிரம் விதைகளை உண்டாக்குகிறது என்பது இதனால் விளங்கும். மரம் அவற்றுள் ஒன்றையும் பேணி வளர்ப்பதில்லை. பேணுவதற்குப் பதிலாக, தோலைக் கொப்புளிக்கச் செய்யும் காரநெய்யை ஓட்டினுள் வைத்துக் காக்கிறது. வௌவால் பழத்தை உண்டு கொட்டையைக் கடியாது விட்டுவிடுவதற்குக் காரணம் இந்நெய்யே. முந்திரி ஆலைகளில் ஓடு உடைக்கும் பெண்களின் விரல்கள் வெந்து கறுப்பதற்குக் காரணமும் இதுவே.

வௌவாலோ ஒரு பேற்றில் ஒரே குட்டியை ஈனும். கருவைச் சுமக்கும் காலம் ஏறக்குறைய நான்கு மாதம். ஆண்டுக்கு இருமுறை ஈனுமாயினும், மிகுதியாக இரண்டு குட்டிகளே. பிறந்த குட்டியைத் தாய் மார்போடு அணைத்துப் பாலூட்டிக் காக்கிறது. ஆண் வௌவாலுக்கும் ஒரு தொழில் உண்டு. கொடிகளின் தண்டுகளையும் இலைக்காம்புகளையும் கடித்து மடித்து, பெண்கள் தங்குவதற்குக் கூடாரம் போன்ற அறை அமைக்கிறது. பாளையங்கோட்டைப் பகுதியில் நெட்டிலிங்க மரத்திலும் படர்கொடியிலும் இவ்வறைகள் வாரக்கணக்கான உழைப்பால் உருவாவதை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1995இல் வெளியாயிற்று.

எண்ணூறு விதைகளில் எழுநூறு அழிந்தாலும் மரத்தின் குலம் குன்றாது. இரண்டு குட்டிகளில் ஒன்று அழிந்தால் வௌவாலுக்கு ஓராண்டு முயற்சியில் பாதி அழிந்தது. ஆகவே, ஒரு கூட்டத்தைக் கொன்று ஒழித்தால் அவ்விழப்பை ஈடு செய்ய நெடுங்காலம் ஆகும். எலியைப்போல் எளிதில் பெருகிவிடும் பிராணி என்று வௌவாலை எண்ணுவது பிழை.

விதையின் பயணம்

மரத்தடியில் விழும் விதைக்கு ஒளி குறைவு. தாய்மரத்தின் வேரோடும் உடன்பிறந்த நாற்றுக்களோடும் போட்டி மிகுதி. ஆகவே தொலைவில் விழுவது நன்மை. மரத்துக்கு நடக்க இயலாது. வௌவாலுக்கு உணவை ஆக்க இயலாது. ஒன்றிடம் இல்லாதது மற்றொன்றிடம் உள்ளது.

ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் கடுகளவு விதைகள் வௌவாலின் குடலில் புகுந்து, எச்சத்தோடு வழிநெடுக விழுகின்றன. முந்திரிக்கொட்டை போன்ற பெரிய விதைகளோ, உண்ணும் இடமாகிய மரத்தின் அடியில் குவிகின்றன. எனவே முன்னவை பரவலாகவும், பின்னவை திட்டுத்திட்டாகவும் முளைக்கும். தரிசிலும் காட்டோரத்திலும் யாரும் நடாத கொல்லாங்கன்றுகள் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். இவ்வாறு விழும் கொட்டைகள் எல்லாம் மரமாவதில்லை. மனிதரும் அணிலும் எலியும் எடுத்துக்கொள்பவை போக எஞ்சியவையே முளைக்கும். முளைத்தவையும் தாய்மரத்தின் குணத்தை அப்படியே பெறுவதில்லை. நல்ல விளைச்சல் வேண்டும் விவசாயிகள் ஒட்டுக்கன்றுகளையே நடவேண்டும் என்பதைக் களப்பணியாளர் எடுத்துரைத்தல் வேண்டும்.

இலாப நட்டக் கணக்கு

பழவௌவால் தோட்டக்காரருக்குப் பகை என்பது பொதுக் கருத்து. கொய்யா, சப்போட்டா, வாழை ஆகியவற்றில் இது மெய்யே. அவற்றில் வௌவால் தின்பதும் மனிதர் விற்பதும் ஒரே சதை. அங்கே வலை கட்டிப் பழத்தைக் காத்தல் தகும். அவ்வலை, வௌவால் சிக்கிக்கொள்ளாதபடி இறுகக் கட்டிய சிறுகண் வலையாக இருத்தல் நலம்.

கொல்லாமரத்தின் கணக்கு வேறு. மனிதர் விற்பது கொட்டை. வௌவால் தின்பது பழம். கேரளத்தில் கொல்லாம்பழத்தின் பெரும்பகுதி தோட்டத்திலேயே அழுகிப்போகிறது. ஆகையால் வௌவால் எடுத்துச் செல்வதனால் கொட்டையின் எண்ணிக்கை குறைவதில்லை; கிடக்கும் இடமே மாறுகிறது. மரத்துக்குடையவர் இழந்த கொட்டை அடுத்த வீட்டு முற்றத்தில் கிடைக்கிறது. அக்கம்பக்கத்தாரிடையே மனத்தாங்கல் எழக்கூடுமாயினும், ஊருக்கு அது நட்டமன்று. இதற்கு விதிவிலக்கும் உண்டு. கோவாவில் கொல்லாம்பழச் சாற்றினின்று ஃபெனி என்னும் மது வடிக்கப்படுகிறது. அங்கே பழமும் பொருளாதலால் கணக்கு மாறும். பழவௌவால் உதிர்க்கும் விதைகளால் வேளாண்காடுகளுக்கு உண்டாகும் நன்மையைக் கேரளத்து மக்களின் அனுபவத்தின் வழியே ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2015இல் வெளியாயிற்று. இக்கணக்கு அறிஞரின் கவனத்துக்கு உரியதாகிவிட்டது என்பதற்கு அது சான்று.

சட்டமும் இக்கணக்கைச் சிறிது திருத்தியிருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழவௌவால்களைக் காகம், எலி ஆகியவற்றோடு சேர்த்துத் தீங்குயிர் அட்டவணையில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவ்வட்டவணையே நீக்கப்பட்டது.

நோய் பற்றிய எச்சரிக்கை

இலாப நட்டத்தினும் பெரிது உயிர். நிபா வைரஸ் முதன்முதலாக 1998–99ஆம் ஆண்டுகளில் மலேசியாவில் பன்றி வளர்ப்போரிடையே கண்டறியப்பட்டது. கேரளத்தில் 2018இல் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களிலும், 2019இல் எர்ணாகுளத்திலும், 2021இலும் 2023இலும் மீண்டும் கோழிக்கோட்டிலும், 2024இல் மலப்புறத்திலும் இந்நோய் தோன்றி உயிர்களைக் கவர்ந்தது. 2019இல் மட்டும் உயிரிழப்பு இல்லை; நோயாளி பிழைத்தார். வைரஸின் முதன்மையான இயற்கை இருப்பிடம், பறக்கும் நரி எனப்படும் பெரிய பழவௌவால். 2018இல் கோழிக்கோட்டுப் பகுதியில் பிடிக்கப்பட்ட இவ்வினத்தில் வைரஸ் இருந்ததைப் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் கண்டறிந்தது. இது குறுமூக்குப் பழவௌவாலினும் பன்மடங்கு பெரிது. சிறகு விரிந்தால் ஒரு மீட்டருக்கு மேற்படும். எனினும் கடிபட்ட பழத்தைக் கண்டு எந்த வௌவால் கடித்தது என்று சொல்ல இயலாது. ஆகையால் எச்சரிக்கை எல்லா வௌவால்களுக்கும் பொதுவாக இருத்தல் வேண்டும்.

அச்சத்தால் மரங்களை வெட்டுவதும் கூட்டங்களைக் கலைப்பதும் இதற்கு மருந்தாகுமா? ஆஸ்திரேலியாவில் நிபாவுக்கு உறவான ஹெண்ட்ரா வைரஸைப் பற்றி 2022இல் வெளியான ஆய்வு இங்கு நோக்கத்தக்கது. காடுகள் அழிந்து, குளிர்காலத்தில் பூக்கும் மரங்கள் குறைந்தபோது, பசித்த வௌவால்கள் பண்ணைகளை நாடி வந்தன. வைரஸ் குதிரைகளுக்குத் தாவும் நிகழ்ச்சிகளும் மிகுந்தன. காட்டில் மரங்கள் நன்கு பூத்த குளிர்காலங்களில் அவை நிகழவில்லை. வௌவாலுக்கு அதன் மரம் இருக்கும்வரை அது மனிதரை விட்டு விலகி நிற்கிறது. மரத்தை அழித்தால் நம் வாயிலுக்கு வருகிறது. வெடியால் கலைக்கப்பட்ட கூட்டமும் அழிந்துவிடுவதில்லை. பிரிந்து வேறு ஊர்களுக்குச் செல்கிறது.

செய்யத்தக்கவை

களப்பணியாளர் ஊரார்க்குச் சொல்லவேண்டியவை சிலவே.

1. வௌவால் கடித்த பழத்தை மனிதர் உண்ணலாகாது; ஆடு, மாடு, பன்றிகளுக்கும் இடலாகாது. குழிதோண்டிப் புதைத்துவிடவேண்டும். கடிபடாத பழத்தையும் நன்கு கழுவித் தோல் சீவி உண்ணவேண்டும்.

2. வௌவால் உதிர்த்த முந்திரிக்கொட்டையைப் பொறுக்கும்போது கையுறையோ இடுக்கியோ பயன்படுத்தவேண்டும். ஒட்டியுள்ள சதையை வெறுங்கையால் திருகி எடுக்கலாகாது. வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். கொட்டையை நன்றாக வெயிலில் உலர்த்தி, வறுத்த பின்னரே பருப்பைப் பயன்படுத்தவேண்டும். சிறுவரை இவ்வேலைக்கு அனுப்பலாகாது.

3. பனை, தென்னைகளில் கட்டும் கலயங்களை வௌவால் அணுகாதவாறு மூடிவைக்கவேண்டும். வங்கதேசத்தில் பச்சையாகக் குடித்த ஈச்சஞ்சாற்றின் வழியே நிபா பரவியது இதற்குச் சான்று.

4. கிணறுகளுக்கு மூடியோ வலையோ இடவேண்டும்.

5. வீழ்ந்து கிடக்கும் வௌவாலை, உயிருள்ளதாயினும் இறந்ததாயினும், தொடலாகாது. பல வௌவால்கள் ஒருங்கே இறந்து கிடந்தால் சுகாதாரத் துறைக்கும் வனத்துறைக்கும் அறிவிக்கவேண்டும்.

6. தங்கும் மரத்தை வெட்டவோ, வெடி வைத்துக் கலைக்கவோ முற்படலாகாது.

ஆசிரியர்கள் மாணவரைக்கொண்டு ஓர் எளிய பாடம் நடத்தலாம். பள்ளிக்கு அருகேயுள்ள கொல்லாமரங்கள் எவ்வெவ்விடத்தில் நிற்கின்றன என்று ஒரு வரைபடத்தில் குறிக்கட்டும். பிற மரங்களின் அடியில் எங்கெங்குக் கொட்டை கிடக்கிறது என்பதை, தொடாமலும் குனியாமலும் தள்ளி நின்று பார்த்து, அதே படத்தில் வேறு வண்ணத்தில் குறிக்கட்டும். இரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை அடியால் அளந்து எழுதட்டும். விதை சென்ற தொலைவு அவர்கள் கண்முன்னே தாளில் தோன்றும். நிற்பதற்கும் பறப்பதற்கும் உள்ள உறவை விளக்க இதனினும் நல்ல பாடம் வேண்டுவதில்லை.

மரமும் வௌவாலும் ஒன்றுக்கொன்று எதிரான இயல்புகளை உடையன: ஒன்று நிலைத்தது, மற்றொன்று திரிவது, ஒன்று மிகுதியாக ஈன்று கைவிடுவது, மற்றொன்று ஒன்றையே ஈன்று காப்பது. இவ்வேற்றுமையே இரண்டையும் பிணைத்திருக்கிறது. அப்பிணைப்பின் நடுவே வீடு கட்டி வாழும் மனிதர், கைகழுவும் பழக்கத்தாலும் கடிபட்டதை விலக்கும் கட்டுப்பாட்டாலும் தம்மைக் காத்துக்கொள்ளலாம். அதற்காக மரத்தை இழக்கவும் வேண்டுவதில்லை, வௌவாலைக் கொல்லவும் வேண்டுவதில்லை.